மூன்றாம் மாதம் சாரம்

ராஜஸ்ரீ ஸ்கூட்டரை நிறுத்தும்போதே குப்பண்ணன் தன் மரவள்ளிக் காட்டு முனையில் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். கிழங்கு பிடுங்கும் நாள். பயிருக்கு யோசனை சொல்லும் கிருஷி ஆபீசர் அவள், வந்து நிற்க வேண்டிய வேலையில்லைதான். ஆனால் காலையில் அவர் மருமகள் யோகப்பிரியா, "ஒருக்கா வந்துட்டுப் போங்க மேடம்" என்று போனில் கூப்பிட்ட குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. அதனால் வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் குப்பண்ணன் யாருடைய பேச்சையும் கேட்காமல் யூரியாவை வாரி இறைத்தார். இலை தளதளவென்று ஆள் உயரத்தைத் தாண்டியது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கிழங்கு மட்டும் கசந்து தொலைத்தது. மரவள்ளியும் மீன்குழம்பும் விற்கும் கடைக்காரர் சுவக்கீன், வேகவைத்த கிழங்கைச் சட்டியோடு கொண்டுவந்து குப்பண்ணனின் வாசலில் வைத்துவிட்டுப் போனார். மனுஷனுக்கு மானமே போயிற்று. காட்டை அழித்துத் தென்னை வைக்கிறேன் என்று குதித்தவரிடம் யோகப்பிரியா மல்லுக்கட்டி இன்னும் ஒரே ஒரு போகத்துக்கு அவகாசம் வாங்கினாள். உடுமலைப் பக்கத்துப் பெண். புருஷன் சிவப்பிரகாஷ் லாரியோடு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்காகும். அவளுக்கென்று இருந்தது இந்தக் காடு ஒன்றுதான். இந்தக் கிழங்கும் கசந்தால் நாளைக்கே தென்னங்குழி வெட்ட ஆள் வரும்.

காட்டுக்குள் நுழைந்ததும் ராஜஸ்ரீயின் கண்ணில் பட்டது துணி. ஒரு வரிசையின் முதல் செடியில் சிவப்புத் துணி, அடுத்த வரிசையில் வெள்ளைத் துணி. மற்ற வரிசைகளில் ஒன்றுமில்லை.

"இதென்ன, தோரணமா?"

"வெள்ளைக்கு எதுவுமே போடலீங்க. சிகப்புக்கு நீங்க சொன்ன சாரம் மட்டும் ஊத்துனேனுங்க" என்றாள் பின்னாலேயே வந்த யோகப்பிரியா.

"ஊத்தினேளா? எதை ஊத்தினேள்?"

"சாரந்தானுங்க. கடலைப் புண்ணாக்கையும் சாணியையும் ஊற வெச்சு வடிகட்டி, அந்தச் சாரத்தை." சந்தேகப்படுகிறார்களோ என்று யோகப்பிரியா போனை எடுத்துத் தட்டினாள். ராஜஸ்ரீ முன்பு பேசி அனுப்பிய குரல் ஒலித்தது: 'யூரியாவைக் குறைங்கோ. மூணாம் மாசம் செடி மூட்டில சாரம் இடணும், கேட்டேளா.'

ராஜஸ்ரீக்கு அப்போதுதான் புரிந்தது. மலையாள தேசத்துக் கல்பாத்தியில் அவள் வீட்டில் அடுப்புச் சாம்பலுக்குச் சாரம் என்றுதான் பெயர். மலையாளச் சொல் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. உடுமலையில் பிறந்தவளுக்குச் சாரம் என்றால் பிழிந்தெடுத்த சாறு. கிழங்குக்கு மாவும் ருசியும் தரும் சாம்பல்சத்துக்குப் பதிலாக, இலையை வளர்க்கும் சத்தையே இந்தப் பெண் குடம் குடமாக ஊற்றியிருக்கிறாள்.

"காடு பூராவும் ஊத்தினேளா?" ராஜஸ்ரீ கேட்டாள்.

"வெள்ளை வரிசை தவிர எல்லாத்துக்கும் அஞ்சாம் மாசம் வரைக்கும் ஊத்துனேனுங்க. அப்புறம் ஒரு செடியைப் புடுங்கி வேக வெச்சேன். கசப்பு. தண்ணியாட்டம் சளசளன்னு இருந்துச்சுங்க. ஊட்டுக்குப் பின்னால சாம்பல் கொட்டற எடத்துல தானா மொளைச்ச செடி ஒண்ணு நின்னுச்சு. அதையும் வேக வெச்சேன். மாவா வெடிச்சிருச்சுங்க! அன்னிக்கே ஊத்தறதை நிறுத்திட்டேன்."

நிறுத்தியதோடு விடவில்லை. தென்னை மட்டை எரிக்கும் வீடு வீடாகச் சாக்கோடு போய்ச் சாம்பல் கேட்டிருக்கிறாள். சாம்பல்காரி வந்துவிட்டாள் என்று தெருவே கேலி பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காடு முழுக்கச் செடிக்குச் செடி சாம்பல் இட்டு மண் அணைத்தாள். சிவப்பு, வெள்ளை வரிசைகளை மட்டும் விட்டுவிட்டாள். ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு, "தெரிஞ்சுக்கோணுமில்லீங்களா?" என்றாள்.

ராஜஸ்ரீ நாலு வருஷம் காலேஜில் படித்துத்தான் இதைத் தெரிந்துகொண்டாள். எதுவும் போடாத வரிசை ஒன்று, ஒன்றை மட்டும் போட்ட வரிசை ஒன்று, பிறகுதான் தீர்ப்பு. இவளுக்கு யார் சொன்னார்கள்? பொறாமைப்படலாம் என்றால்கூட மனம் வரவில்லை; அப்படியே கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வரப்போரம் கல் கூட்டி மூன்று சட்டியில் கிழங்கு வெந்தது. குப்பண்ணன் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். சிவப்பு வரிசைக் கிழங்கு தொடைப் பருமன். வாயில் போட்டவர் அதே வேகத்தில் துப்பினார். வெள்ளை வரிசையில் ருசி இருந்தது, கிழங்கு மட்டும் விரல் தண்டி. மூன்றாவது சட்டியில் சாம்பல் இட்ட மற்ற வரிசைகளின் கிழங்கு, பருமனும் உண்டு, மேலெல்லாம் வெடித்தும் இருந்தது. ஒரு துண்டு தின்றார். யோகப்பிரியா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். இன்னொரு துண்டு எடுத்தார். மூன்றாவதுக்குக் கை நீண்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"ஆபீசரம்மா, நீங்க சொன்னது அப்படியே பலிச்சிருச்சுங்க!" குப்பண்ணனின் முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க இல்லீன்னா இவ காட்டைக் கெடுத்திருப்பா."

யோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். ராஜஸ்ரீ சும்மா சிரித்துவிட்டு வண்டியை எடுத்திருந்தால் நல்ல பேர் அவளோடு வந்திருக்கும்.

"நான் சொன்னதுதான் காட்டைக் கெடுத்திருக்கும்" என்றாள். "சாம்பல்னு சொல்ல வேண்டியதைச் சாரம்னு சொல்லித் தொலைச்சேன். புண்ணாக்குத் தண்ணியில கிழங்கு பருத்தது, சாம்பல்ல ருசி வந்தது. எதை எப்போ நிறுத்தணும், எதை எப்போ போடணும்னு இவளே தின்னு பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கா. என் உத்யோகத்தை இவ பண்ணியிருக்கா. எனக்கு இதில ஒரு பங்கும் இல்லை."

குப்பண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். மருமகளை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். அந்தக் காட்டில் எதைப் போடலாம் என்று இதுவரை அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"ஏம்மிணி, மேக்கால காட்டுச் சேனைக்கு என்ன போடலாம்? நீயே சொல்லு."

யோகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"இப்ப எப்படிங்க மாமா சொல்றது? மொதல்ல ஒரு கிழங்கைத் தோண்டி வேக வெச்சுத் தின்னு பாக்கோணுங்க."