வளையம் நகர்ந்த கூரை

இவ்வளவு சீக்கிரம் அந்தக் கூரை எப்படி வழுவழுப்பாயிற்று என்பதுதான் மூத்தவளின் சந்தேகம்.

கட்டட வரைபட அலுவலகத்தில் ஓரகத்திகள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. இளையவள் கம்ப்யூட்டரில் கட்டடத்தை உருவாக்குவாள். மூத்தவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவாள். இப்போது கையிலிருப்பது ஒரு மண்டபத்தின் கூரை. கீழே சதுரச் சுவர். மேலே, நான்கு தூண்களின் தலையில் வட்டமான இரும்பு வளையம். சதுரம் மெல்ல மெல்ல வட்டமாகும்படி இரண்டையும் ஒரே பரப்பாக இணைக்க வேண்டும். வளையம் ஒரு மூலைப் பக்கம் ஒதுங்கியிருந்ததால், அங்கே கிள்ளிவிட்ட துணி மாதிரி ஒரு மடிப்பு. மூன்று நாளாக என்ன செய்தும் போகவில்லை. இன்று காலை பார்த்தால் காணோம்.

"எப்படி எடுத்தே?"

"மூலைப் புள்ளிகளை மாத்தி இணைச்சேன், அக்கா."

"அதைத்தானே மூணு நாளா மாத்தினே?"

"வீட்டுல குழம்புக்கு உப்பு பாக்கறது போதாதுன்னு இங்கேயுமா?"

இளையவள் சிரித்தாள், கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று நினைத்துக்கொண்ட மூத்தவள், தன் திரையில் வளையத்தின் நடுப்புள்ளியை அளந்தாள். பன்னிரண்டு சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது.

படத்தில் நகர்த்திவிடலாம். கட்டுமான இடத்தில் தூண்மேல் ஏற்றிக்கொண்டிருக்கும் நிஜ இரும்பை? வராந்தாவுக்குப் போய் வெல்டரைப் போனில் பிடித்தாள்.

"நகத்தியாச்சே மேடம். சின்ன மேடம்தான் காலையில சொன்னாங்க. ரெண்டு தூண்ல பாதிதான் உக்காருதுன்னேன். மாடல்ல அப்படித்தான் இருக்குன்னுட்டாங்க."

"வெல்டு வெச்சாச்சா?"

"இனிமேதான். கிரேன் இன்னும் பிடிச்சிக்கிட்டிருக்கு."

"வெக்காதீங்க! கிரேன் அப்படியே பிடிக்கட்டும். கீழே ஒருத்தரையும் விடாதீங்க."

உள்ளே வந்து நாற்காலியை இளையவள் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "கிரேன் இன்னும் விடலையாம். பொழச்சே."

இளையவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மடிப்போட காட்டியிருந்தா விட்டிருப்பீங்களா? வீட்டுல எல்லார் முன்னாடியும் என்னைத் துவைச்சுக் காயப்போட்டிருப்பீங்க."

அது பொய்யில்லை. அதனாலேயே மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

"சரி, துவைச்சிருப்பேன். அதுக்காக வளையத்தை ஊரான் தலையில இறக்குவியா? படத்துல கையெழுத்து என்னோடது. பழைய இடத்துலயே வைக்கச் சொல்லு. நீயே சொல்லு."

இளையவள் வெல்டரின் எண்ணை அழுத்திவிட்டுப் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றாள் மூத்தவள்.