கட்டாமல் இறங்கிய நாட்கள்

1

இந்தக் கதை ஒரு வாக்குவாதத்தில் தோற்ற எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1947 மார்ச்சில் ஒரு சாயங்காலம், தூத்துக்குடிக் கடற்கரையில் என் கல்லூரித் தோழன் எஸ்றா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். கடலடியில் முத்துச்சிப்பி விளைந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்கிற அரசாங்க உத்தியோகம் அவனுக்கு. தாளில் இரண்டு பத்திகள். 'வாய்க்கட்டுப் போட்ட நாட்கள்: 41. சுறா கடித்தது: இல்லை.' பக்கத்தில், 'கட்டாமல் இறங்கிய நாட்கள்.' அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

(வாய்க்கட்டு தெரியாதவர்களுக்கு: கஸ்பார் என்றொரு பெரியவர் கரையில் உட்கார்ந்து எதையோ முணுமுணுப்பார். சுறாவின் வாயைக் கட்டுகிறாராம். அவர் தலையசைத்தால்தான் முத்துக்குளிக்கிறவர்கள் இறங்குவார்கள். அசைக்காவிட்டால் கலெக்டரே வந்து நின்றாலும் ஒருவனும் இறங்கமாட்டான்.)

"சுத்த மூடநம்பிக்கை" என்றேன்.

"எப்படித் தெரியும்? கட்டாம ஒருத்தனும் இறங்கினதே இல்லியே. பலிக்குன்னும் சொல்ல முடியாது, பலிக்கலன்னும் சொல்ல முடியாது."

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிற நான் தாளை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். நடந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

கடல் அன்று கண்ணாடிபோல் அசையாமல் –

(வேண்டாம். எல்லோரும் எழுதிவிட்டார்கள்.)

கஸ்பாருக்குக் காய்ச்சல். இப்படித் தொடங்கினால் போதும். காலிப் பத்தியை நிரப்ப ஒரு சந்தர்ப்பம் வந்துவிட்டது. எஸ்றா (கதையில் வருகிறவன்; நிஜ எஸ்றா சாது) அம்புரோஸின் வீட்டுக்குப் போகிறான். ஊரிலேயே நீண்ட மூச்சுக்காரன் அம்புரோஸ். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்தால் பத்துப் பாகம் (அறுபது அடி) ஆழத்துக்குப் போய்க் கூடை நிறையச் சிப்பி அள்ளி வருவான்.

"நாளைக்குக் கட்டாம இறங்குதியா?"

அம்புரோஸ் தன் கால்விரல்களைப் பார்த்தான். "சுறா வராதுன்னு சொல்லுதியளாய்யா?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கேக்கேன்."

படித்த ஒருவர் தன்னிடம் 'தெரியாது' என்று சொன்னது அம்புரோஸுக்கு அதுவே முதல் தடவை. அந்த மரியாதைக்கு முன்னால் பயமாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"சரிய்யா, இறங்குதேன்."

இந்த இடத்தை எழுதியதும் எனக்கே என்மேல் கோபம் வந்தது. இருந்தும் அந்த வரிகளை அடித்து நீக்கவில்லை.

3

அம்புரோஸின் மனைவி ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். அவளுக்கு நான் கொடுத்த வேலை அவ்வளவுதான். பெயர்கூட வைக்கவில்லை. அவள் செம்பை வைத்தாள், போகவில்லை. சரி, இசபெல்லா என்று வைத்துக்கொள்வோம்.

"இவுக ஒரு தடவ இறங்கி ஏறிட்டா உங்களுக்குத் தெரிஞ்சிருமாய்யா?"

எஸ்றாவுக்குப் பொய் வராது. "ஒரு தடவ பத்தாதும்மா. தற்செயலா இருக்கலாம். நூறு பேராவது இறங்கணும்."

"அப்போ மத்த தொண்ணூத்தொம்பது பொம்பளையளயும் கேட்டுட்டு வாங்க. கடைசியா என்னட்ட வாங்க. இல்லியா, நீங்க இறங்குங்க. நான் கரையில நின்னு கணக்குக்குக் கோடு கிழிக்கேன்."

"கஸ்பார் கட்டுதது நெசம்னு நீ நம்புதியா?" என்றான் எஸ்றா.

"எனக்கு எப்படித் தெரியும்? அவரு முணுமுணுத்த அன்னைக்கு நான் பயமில்லாம உலை வைக்கேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

அம்புரோஸ் குறுக்கே வந்தான். "ஏளா, வாக்குக் குடுத்திட்டேன்."

"குடுத்தது நீரு. என்னைக் கேட்டீரா?"

சொல்லிவிட்டு, முற்றத்தில் கிடந்த, கயிறு கட்டிய அவனுடைய கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

4

முடிவை நான்கு தடவை எழுதினேன். இரண்டில் சுறா வந்தது. இரண்டில் அம்புரோஸ் சிரித்துக்கொண்டே ஏறி வந்தான். பக்தர்களுக்கு முந்தையது பிடிக்கும். மந்திரத்தை நம்பாத என் கட்சிக்காரர்களுக்குப் பிந்தையது. நான்கையும் கிழித்துப் போட்டேன். கதையில் சுறா நான்தான். நானே கடித்தும் கடிக்காமலும் நிரப்புகிற பத்தி எதை நிரூபிக்கும்?

கஸ்பாரின் மந்திரம் வெறும் முணுமுணுப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நினைக்கிறேன், தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிற தண்ணீரில் இன்னொருவன் காலை இறக்கமாட்டேன். முடிவில்லாத கதையைப் போடமாட்டோம் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியிருக்கிறார். போடவேண்டாம்.

அந்தப் பத்தியை இங்கே அப்படியே தருகிறேன்.

கட்டாமல் இறங்கிய நாட்கள்:

தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர்களுக்குக் கடல் அங்கேதான் இருக்கிறது. கல்லை மட்டும் இசபெல்லாவிடம் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.