நான்காம் பக்கம் மூடாத மெத்தை

ஒன்றரை நாள் மட்டும் இருந்து இறந்துபோன பெண்குழந்தைக்காகச் சரசு தைத்த மெத்தை, 1974 ஆவணியிலிருந்து தினமும் விடியும்போது நனைந்திருந்தது. திருவண்ணாமலையில் பே கோபுரத்துக்குப் பின்தெருவில் அவளும், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடும் அவள் கணவன் சகாதேவனும் குடியிருந்தார்கள். நான்கு பழம்புடவைகளை மடித்து ஓட்டுத்தையல் போட்ட மெத்தை அது. ஓரத்துக்கு, சகாதேவனின் வேட்டியைக் மூலைவாட்டில் இரண்டு விரல் அகலப் பட்டியாக வெட்டியிருந்தாள். நேர்வாட்டில் வெட்டிய பட்டி மூலையில் சுருங்கிக் குழந்தையின் முதுகை உறுத்தும். மூன்று பக்கம் அடித்து நிறுத்தியிருந்தாள். குழந்தையைத் தொட்டிலில் போடும் நாளில்தான் நான்காவதை மூடவேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அந்த நாள் வரவில்லை. ஊசி துணியிலேயே நின்றது.

ஓடு ஒழுகுகிறது என்று சகாதேவன் நான்கு ஓடு மாற்றினான். மழையே இல்லாத மாசியிலும் நனைந்தது. எதிர்வீட்டுத் திரௌபதி முகர்ந்து பார்த்து, “ஓடு இல்லடி, பொண்ணுதான். பையனா இருந்தா செவுரே நனைஞ்சிருக்கும்” என்றாள். சரசு மெத்தையை அலசிக் கொடியில் போட்டாள். நான்காம் பக்கத்தை மூடினால் ஈரம் நின்றுவிடுமோ என்பது ஒன்றுதான் அவள் பயம்.

1976இல் முழுகாமல் இருந்த நாத்தனார் சந்திரகலா, “அண்ணி, ஓரத்த அடிச்சிக் குடுங்க. சும்மாதானே கெடக்குது” என்று கேட்டாள்.

“சும்மா இல்ல சந்திரா. அதுல ஆளு இருக்குது.”

சந்திரகலா கீழ்பென்னாத்தூர் திரும்பி ஒரு வருஷம் பேசவில்லை.

1977 ஐப்பசியில் ஈரம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆனது. மார்கழிக் குளிரில் கொஞ்சம் ஜாஸ்தியானது. தையில் நின்றது. சரசு இருபது நாள் விடியலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்தே இருந்தது. “நாலு வயசு நடக்குதேடி, தானா ஏந்து வெளியே போவத் தெரியாதா?” என்றாள் திரௌபதி.

அன்று மத்தியானம் சரசு துரு ஏறிய ஊசியை உருவிவிட்டுப் புது ஊசி கோத்தாள். பட்டியை மடித்து நான்காம் பக்கத்தை மூடினாள். முடிவை அரை விரல் உள்ளே தள்ளி, பிசிறு தெரியாமல் மூன்று தையல் கூடுதலாகப் போட்டாள். சந்திரகலாவின் இரண்டாவது குழந்தைக்கு அதைக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு கடைத்தெருவுக்குப் போய் மூன்றடிக் கோரைப்பாய் ஒன்று வாங்கிவந்து, தன் பாய்க்கும் சகாதேவன் பாய்க்கும் நடுவில் விரித்தாள். சகாதேவன் தன் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.