ஒரு மத்தியான வேலை

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். மாமனார் படுத்திருந்த ஆஸ்பத்திரி அறையிலும் அப்படித்தான் வாயை விட்டேன்.

மாமனாருக்குப் பக்கவாதம். உயிர் தப்பிவிட்டார். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, எழுதியிருப்பதைக்கூடப் படிக்கிறார். வாயைத் திறந்தால் 'ம்ம்' தவிர ஒன்றும் வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்திய மனுஷன். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து அவர் போடும் சத்தத்துக்கு எதிரே வரும் வண்டிக்காரன் பிரேக் பிடிப்பான். அப்படிப்பட்டவர் தலையணையில் சாய்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா சொன்னார்: "பேச்சு வர நாளாகும். பட்டனை அழுத்தினா பேசற மாதிரி கம்ப்யூட்டர்ல ஏதாவது வெச்சுக் குடுங்க. இல்லேன்னா மனுஷன் தவிச்சுப் போயிடுவார்."

என் மனைவியின் அண்ணன் உடனே போனை எடுத்தார். "கடையிலேயே ரெடியா கிடைக்கும். வாங்கிட்டு வந்துடறேன்."

"எதுக்கு மச்சான்? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன். "கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதறதுதானே எனக்குத் தொழிலே. நானே எழுதறேன். ஒரு மத்தியான வேலை."

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "நெஜமாவா? அப்பா நம்ம வீட்டுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சுடுமா?"

"அதுக்கு ரொம்ப முன்னாடியே."

"அப்ப வாங்க வேணாம்ணா, இவர் பண்ணிடுவார்" என்று அவள் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாமனார் மட்டும் புருவத்தை உயர்த்தினார். அவருக்கு என்னைத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த என் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார். "இன்னும் ஆரம்பிக்கலை மாமா, செட்டப் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன். மறுநாளும் கேட்டார். அதே பதில். அப்போதுதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்கிட்ட கத்துக்க வர்றதுலயும் இப்படி ஒரு ஆளு உண்டு. கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஆக்ஸிலரேட்டரை அமுக்குவான். சத்தம் தெருவுக்கே கேக்கும், வண்டி இம்மி நகராது. கிளட்ச்சை விடுங்க மாப்பிள்ளை!" அதிலிருந்து விசேஷ வீடோ, துக்க வீடோ, என்னைக் கண்டால் முதல் வார்த்தை இதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்லைக் காட்டுவேன்.

இந்தத் தடவை அவர் மூக்கில் விரலை வைக்கும்படி செய்ய வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தயார் செய்ய வேண்டாமா? புரோகிராமை அடிக்கும் எடிட்டர் பழசு. புதுசு இறக்கினேன். அதன் வெள்ளைப் பின்னணி கண்ணைக் குத்தியது, கறுப்பு போட்டேன். கறுப்பில் எழுத்து மெலிந்து தெரிந்தது. வேறு எழுத்துரு தேடினேன். சைபருக்கு நடுவில் கோடு போட்டது நல்லதா, புள்ளி வைத்தது நல்லதா என்று முடிவெடுப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போனது. அடைப்புக்குறிகளுக்குக் கலர் அடிக்க எடிட்டரில் சொருகும் குட்டி நிரல் ஒன்றைப் போட்டேன். வரிகளை ஒழுங்குபடுத்த இன்னொன்று. இரண்டுக்கும் ஆகவில்லை, ஒன்று ஒழுங்குபடுத்தியதை மற்றது கலைத்தது. அவற்றைச் சமாதானம் செய்துவைக்க மூன்றாவதாக ஒன்று.

கட்டளைகள் அடிக்கும் கறுப்புத் திரையையும் சும்மா விடவில்லை. நேரம், பேட்டரி, வெளியே வெயிலா மழையா எல்லாம் அதிலேயே தெரியும்படி செய்தேன். ஜன்னல் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

புரோகிராமுக்கும் ஒரு கோப்பு திறந்து வைத்திருந்தேன், பொய் சொல்லக் கூடாது. 'மாமா' என்று பெயர். உள்ளே ஒன்றுமில்லை.

"எத்தனை பட்டன் ஆச்சுங்க?" என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கேட்பாள் மனைவி.

"அஸ்திவாரம் போட்டுக்கிட்டிருக்கேன்மா."

"ஒரு அறை கட்டத்தானே சொன்னோம்? அரண்மனையா கட்டறீங்க?"

ஒருநாள் வந்தவள் கேலி பேசவில்லை. பையைக் கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "இன்னிக்கு அப்பா டம்ளரைத் தூக்கி அடிச்சுட்டார். வெயில் மூஞ்சில அடிச்சிருக்கு, ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டியிருக்கார். எங்களுக்குப் புரியலை. தண்ணி, தண்ணின்னு குடுத்துக்கிட்டே இருந்தோம். அப்புறம் அழுதுட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லைங்க."

இனி ஒரு நிமிஷம் வீணாக்கக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்தேன். திரை மூலையில் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு சின்ன மணி ஆடிக்கொண்டிருந்தது. ஆரம்பிக்கும்போதே எல்லாம் புதுசாக இருந்தால் பிறகு தொல்லை இல்லை பாருங்கள். அமுக்கினேன். அவ்வளவுதான், திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்திகள். ஒரு நிரல் இன்னொன்றின் பழைய பதிப்பைக் கேட்டது. அந்தப் பழையது, இன்னும் பழையதைக் கேட்டது. மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்த காலையிலும் நான் அந்தச் சிவப்பைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு வந்த மச்சான், "என்ன, மத்தியானம் முடிஞ்சுதா?" என்றார். நான் நாற்காலிக்கு வழிவிடும் சாக்கில் ஒதுங்கினேன்.

கூடத்தில் உட்கார்ந்ததுமே மாமனார் இடது கையை நீட்டி ஏதோ கேட்டார். மனைவி ஃபேனைப் போட்டாள், நிறுத்தினாள், போர்வை கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். எதுவுமில்லை. நாற்காலியின் கையை ஓங்கி அடித்தார். கண் கலங்கிவிட்டது. கடைசியில் முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த தலையணையை மச்சான் தற்செயலாகப் பார்த்து எடுத்தார்.

நான் மெல்ல என் அறைக்குள் நழுவினேன். மனைவி பின்னாலேயே வந்தாள். கத்தவில்லை. "உங்களை நம்பித்தான் அண்ணனை வாங்க வேணாம்னு சொன்னேன்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை நாளாக இழைத்து இழைத்து வைத்த எடிட்டரை மூடினேன். கம்ப்யூட்டரோடு வந்த சாதாரண நோட்பேடைத் திறந்தேன். வெள்ளைப் பின்னணி, அழகில்லாத எழுத்து. பிரௌசரில் திறக்கும் ஒரு பக்கம், அதில் பெரிய பட்டன்கள், தொட்டால் ஒரு ஒலிப்பதிவு. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

முதலில் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். என்மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில், மாமனார் குரலை அப்படியே மிமிக்ரி செய்து, "கிளட்ச்சை விடுங்க மாப்பிள்ளை! எவ்வளவு நேரம்தான் உறுமிக்கிட்டே நிப்பீங்க?" என்று கத்திப் பதிவு செய்தேன். பேர் போடாத ஒரு பட்டனில் அதை வைத்து அழுத்திப் பார்த்தேன். கேட்டது. பிறகு மனைவியைக் கூப்பிட்டேன். 'தண்ணி வேணும்' சொன்னாள், 'ஜன்னலைச் சாத்து' சொன்னாள், 'வலிக்குது' என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மிச்சத்தை நான் சொன்னேன். சாப்பாட்டு நேரம் தாண்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆமாம், ஒரு மத்தியான வேலைதான்.

வீட்டிலிருந்த டேப்லெட்டில் அந்தப் பக்கத்தை ஏற்றி மாமனார் மடியில் வைத்தோம். சந்தேகத்தோடு 'தண்ணி வேணும்' தொட்டார். மனைவி குரல் கேட்டது. மனைவியே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். 'ஜன்னலைச் சாத்து' தொட்டார். மச்சான் சாத்தினார். 'திற' தொட்டார். திறந்தார். மறுபடி 'சாத்து'.

"அப்பா, விளையாடாதீங்க" என்றார் மச்சான்.

அவர் விரல் கீழே மூலைக்குப் போனபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோதனைக்கு வைத்த பட்டனை எடுக்க மறந்திருந்தேன். "மாமா, அது வேணாம்..." என்று பாய்வதற்குள் தொட்டுவிட்டார்.

"கிளட்ச்சை விடுங்க மாப்பிள்ளை! எவ்வளவு நேரம்தான் உறுமிக்கிட்டே நிப்பீங்க?"

வாயில்லாத மனுஷனை அவர் எதிரிலேயே மிமிக்ரி செய்த மகாபாவி நான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். மாமனார் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தொட்டார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கோணிய வாயோடு, கண்ணில் நீர் வழிய, சத்தமே இல்லாமல் சிரித்தார். மனைவி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அந்தப் பட்டனை எடுக்க மனைவி விடவில்லை.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டன்களின் நிறம் கொஞ்சம் சுமார்தான். பச்சை போட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும். நோட்பேடு வேண்டாம், அந்தச் சிவப்பை மட்டும் சரிசெய்துவிட்டு, எடிட்டரில் போட்டு, முறையாக... 'புதிய பதிப்பு தயார்' மணியின் மேல் மவுஸ் அம்பை நகர்த்தினேன்.

கூடத்திலிருந்து என் குரலே கேட்டது: "கிளட்ச்சை விடுங்க மாப்பிள்ளை!"