மைதீன்பிச்சையின் ஸ்பிரிங்

1942 மாசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, தென்காசியில் நெல்லையப்பன் விட்டுப்போன மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் யாரும் தொடாமல் தானாகச் சுற்றத் தொடங்கியது. அன்று குற்றாலத்தில் தண்ணீர் இல்லை; பருத்திக்கொட்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது. நெல்லையப்பனும் கடையநல்லூர் மைதீன்பிச்சையும் ஒரே பஸ் பட்டறையில் வேலை பார்த்த சேக்காளிகள். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த துரை ஒருவர் கழித்துவிட்ட இரண்டு சின்ன மோட்டார் சைக்கிள்களை ஆளுக்கொன்றாக வாங்கி, சேர்ந்தே ஓட்டி, சேர்ந்தே ரங்கூனுக்குக் கப்பலேறினார்கள். சக்கர அச்சைத் தாங்கும் புஷ் மாற்ற வேண்டுமென்று நெல்லையப்பன் தன் வண்டியின் முன்பக்கத்தைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தான். மாற்றுவதற்குள் கப்பலுக்கு நாள் வந்துவிட்டது. ரங்கூனில் குண்டு விழுந்த செய்திக்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை.

சக்கரம் ஒரு ஆள் நடக்கிற வேகத்தில்தான் சுற்றியது. டயரிலிருந்து தென்காசிப் பக்கம் காணாத கறுப்புச் சேறும் மூங்கில் சருகும் உதிர்ந்தன. சில நாட்களில் முன் ஸ்பிரிங், மேடேறுகிறவன் மூச்சைப்போல அமுங்கி அமுங்கி எழுந்தது. மனுஷன் ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்து வருகிறான் என்று அவன் மனைவி சொக்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மாமியார் பேராச்சி தினமும் சக்கரத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாசல் தெளித்தாள். ஊர் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு தன் ஜோலிக்குப் போனது.

சித்திரையில் சக்கரம் தள்ளாடியது. புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்தது, பேரிங் குண்டுகள் கரகரத்தன, நாலு கம்பி தெறித்துவிட்டது, ஸ்பிரிங்கிலும் ஒரு விரிசல். சக்கரம் இறுகி நின்றால் அவனும் போட்டது போட்டபடி அங்கேயே விழுந்துவிடுவான் என்று சொக்கம்மாள் பயந்தாள். யுத்த காலத்தில் புதுச் சாமான் எங்கே கிடைக்கும்? ஒரு வெள்ளிக்கிழமை கடையநல்லூருக்கு பஸ் ஏறி, மைதீன்பிச்சையின் அண்ணன் துல்கர்னைன் முன்னால் போய் நின்றாள். தறிக்கூடத்தின் ஓரத்தில் தம்பியின் வண்டி இரண்டு சக்கரமும் தரையில் ஊன்ற நின்றிருந்தது.

"கழட்டிக்கிடுங்க தங்கச்சி," என்றார் அவர். "தம்பி வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

முன்சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் கழற்றும்போது ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கம் ஓடியது. தறி ஓடுகிற அதிர்வு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் தன் வீட்டுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினாள். "கொஞ்சம் இங்கன உக்காருங்க. மாத்திட்டு விட்டுருதேன்," என்றாள். புருஷன் செய்வதைப் பார்த்துப் பழகியபடி புஷ்ஷைத் தட்டி இறக்கி, குண்டுகளைக் கிரீஸில் பதித்து, கம்பிகளை முறுக்கி, ஸ்பிரிங்கைப் பூட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கையை எடுத்ததும் சக்கரம் சற்றுத் தயங்கி, பிறகு சத்தமில்லாமல் ஓடியது.

ஆடிச் சாரலில் நெல்லையப்பன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அவன் வாசலில் கால் வைத்ததும் சக்கரம் நின்றது. கஞ்சியைக் குடித்துவிட்டு, சேக்காளியைப் பற்றி யாரும் கேட்கும் முன்பே சொன்னான்.

"நல்லாத்தான் நடந்து வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மலையில தொழுதுட்டு எந்திரிக்கப் பாத்தான், முடியலை. மறுநாள் மத்தியானம் நானும் பக்கத்துல உக்காந்துட்டேன். ஒண்ணேகால் மணி நேரம் இருக்கும். பெறகு எனக்கு மட்டும் காலு வந்துட்டு."

வெள்ளிக்கிழமை கடையநல்லூரில் தறி ஓடாது என்பது சொக்கம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மூன்றாம் நாள் துல்கர்னைனை வரவழைத்து, தன் கையில் பட்ட நடுக்கத்தை மறைக்காமல் சொன்னாள். கழற்றியதெல்லாம் திருப்பித் தருகிறேன் என்று அழுதாள்.

அவர் முற்றத்தைப் பார்த்தார். சாரல் நனைத்த மண்ணில் நெல்லையப்பன் நடந்துபோன தடம் இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு ஜோடித் தடமும் இருந்தது, இடது காலில் ஆறு விரலோடு. மைதீன்பிச்சைக்குப் பிறந்ததிலிருந்தே இடது காலில் ஆறு விரல்.

"அந்த ஸ்பிரிங்கை மட்டும் எப்பவும் கழட்டிராதீங்க, தங்கச்சி," என்றார்.

சொக்கம்மாள் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் துல்கர்னைன் வந்து, முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். நெல்லையப்பன் அதன்பிறகு தெருவில் ஓரமாகவே நடந்தான், பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. எதிரே வருகிறவர்களும் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள்.