நேற்றுப் பிடித்த தண்ணீர்

ஊரில் சட்டசபைத் தேர்தல் நடந்த அந்த மே மாதத்தில், அமீரகத்தில் புஜைராவுக்கு உள்ளே மலைகளுக்கு நடுவில் இருந்த ஒரு கல் உடைக்கும் கம்பெனியின் கேம்ப்பிலும் தேர்தல் நடந்தது. ஊருக்குப் போய் ஓட்டுப் போட முடியவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதல். அங்கே ஆட்சிக்கு யார் வந்தாலும் இங்கே யாருக்கும் ஒரு பக்கெட் தண்ணீர் கூடக் கூடுதலாக வரப்போவதில்லை. டேங்க் சாவி யார் கைக்குப் போகிறது என்பதுதான் இவர்களுக்குப் பெரிய விஷயம்.

கேம்ப்புக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. காலையில் ஒரு டேங்கர் வரும். அதை ஓட்டி வரும் பாகிஸ்தான் பட்டாணியர் மலை வளைவு திரும்பும்போதே ஹாரனை அமுக்க ஆரம்பித்தால், டேங்க் அடியில் வந்து நின்ற பிறகுதான் கையை எடுப்பார். குளியலறைகளுக்குப் பின்னால் இரும்புக் கால்களில் நின்ற அந்த டேங்க் காலையில் நிறைந்துவிடும். மதியம் தாண்டினால் காலி. விடியுமுன்பே கிரஷருக்குப் போய், உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு சாயங்காலம் திரும்பி வருகிறவர்கள் குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்றுதான் வரும். ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். போன வாரம் இதில் ஒரு கைகலப்பாகி, ஒருவனுக்கு உதடு கிழிந்துவிட்டது.

அதன் பிறகுதான் கேம்ப் பொறுப்பாளர் ஸ்ரீனிவாசன் எல்லோரையும் கூப்பிட்டார். திருச்சிக்காரர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர்.

"இன்னொரு டேங்கர் கேட்டுப் பாத்துட்டேன். மாஃபி, கிடையாதுன்னுட்டாங்க. இருக்கற தண்ணியை உங்கள்ல ஒருத்தர் பாத்துக்கட்டும். யாருன்னு நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லுங்க. அவர் வேற டூட்டிக்குப் போக வேண்டாம். சாவி அவர்கிட்ட, அவர் சொல்றதுதான் முடிவு."

'வேற டூட்டிக்குப் போக வேண்டாம்' என்றதைக் கேட்டதும் பன்னீர்செல்வம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். கிரஷரின் வாய்க்கு நேர் கீழே, உடைந்த கல் வந்து விழும் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மூக்கில் துணி கட்டிக்கொண்டால் மூச்சு முட்டும், கட்டாவிட்டால் பொடி உள்ளே போகும். இருமல் வந்து மாதக்கணக்கில் ஆகிறது. கிளினிக் டாக்டர் ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்து, தூசி ஆகாது என்றார். மீனைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஆகாது என்று சொன்ன கதைதான். ஊரிலிருந்து மனைவி வடிவு பேசும்போது, பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "இருமல் நின்னுருச்சா?" என்றுதான் கேட்பாள்.

இந்த வேலை கிடைத்தால் தூசியிலிருந்து வெளியே வந்துவிடலாம். அவன் தேர்தலில் நின்றது அதற்காகத்தான். தண்ணீரைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்தும் இருந்தது என்பது வேறு விஷயம்.

போன மாதம் இருமல் முற்றி ஒரு நாள் ரூமில் படுத்திருந்தபோது அதைப் பார்த்தான். வழக்கமாக அந்த நேரத்தில் அவன் கிரஷரில் இருப்பான். ஹாரன் கேட்டதும் கேம்ப்பே எழுந்து நின்றது. டிரைவர்கள், ஒர்க்‌ஷாப் ஆட்கள், ஸ்டோர் ஆட்கள் எல்லோரும் கட்டிலுக்கு அடியிலிருந்து பக்கெட்டையும் டிரம்மையும் இழுத்தார்கள். எல்லாவற்றிலும் முந்தின நாள் பிடித்த தண்ணீர், பாதிக்குப் பாதி மிச்சம். அதைக் கொண்டுபோய் ரூம்களுக்குப் பின்னால் சரித்துவிட்டு, கழுவி, காலிப் பக்கெட்டோடு குழாய்க்கு ஓடினார்கள். பின்னால் போய்ப் பார்த்தான். புல் பூண்டு இல்லாத அந்த மலையடியில், ரூம்களின் முதுகை ஒட்டிப் பருப்புக்கீரை தளதளவென்று மண்டிக் கிடந்தது. மெஸ்ஸில் அடிக்கடி கீரைப் பருப்பு போடுகிறார்களே, எங்கிருந்து வருகிறது என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. ஊரில் வடிவும் இதையேதான் செய்வாள். தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று குரல் கேட்டால் போதும், குடத்தில் இருப்பதை முற்றத்தில் கொட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தவர்களின் கைப்பழக்கம் அது. புதுத் தண்ணீர் வரும்போது பழையது வீட்டில் இருந்தால் அவர்களுக்குப் பொறுக்காது.

இதை ரூம்மேட் பாலகுருவிடம் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். பாலகுரு தானாகவே பன்னீருக்குப் பிரச்சாரம் செய்யக் கிளம்பியவன்.

"அண்ணே, இத மட்டும் மீட்டிங்குல சொல்லிராதிய. கிரஷர் ஆளுக நாம கொஞ்சப் பேரு. ஓட்டு பூராம் அவுககிட்டத்தேன் இருக்கு. நீங்கதான் வீணாக்குறியன்னு அவுக மூஞ்சியில சொன்னா எவன் ஓட்டுப் போடுவான்? எல்லாருக்கும் தண்ணி கெடைக்கிற மாதிரி பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு உக்காந்திருங்க."

"சரிடா. உக்காந்துக்கிறேன்," என்றான் பன்னீர். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ் ஹாலில் கூட்டம். முதலில் எழுந்தவர் மெஸ் சமையல்காரர் கௌஸ் முகைதீன்.

"தண்ணி மெஸ்ஸுக்குத்தான் மொதல்ல. சோறு வெந்தாத்தானே குளிக்கத் தெம்பு இருக்கும்? அப்புறம், இன்னொரு டேங்கர் நான் கொண்டாந்து காட்டுறேன். மேனேஜருக்கு என் பிரியாணின்னா உசிரு. ஒரு சட்டி போதும், பேசி முடிச்சிருவேன்."

ஹால் சிரித்தது. ஸ்ரீனிவாசன்கூடச் சிரித்தார். ஆனால் பாயின் பிரியாணியை மேனேஜர் சாப்பிடுவார், டேங்கர் தரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது ஜெயசீலன். ஸ்டோரில் வேலை, தூத்துக்குடிக்காரன், பேச எழுந்தால் மைக் தேவைப்படாத தொண்டை. ஃபேனுக்கு அடியில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று பன்னீருக்கு முதலிலிருந்தே வயிற்றெரிச்சல்.

"நான் நேரா சொல்லுதேன். டேங்குக்குப் பூட்டு போடணும். காலையில ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம், அவ்வளவுதான். ஆளுக்கு அளவு வைக்கணும். இங்க சில பேரு ஒத்த ஆளு மூணு ஆளு தண்ணிய ஊத்துதாங்க. பேரு சொல்ல விரும்பல. கிரஷர்ல இருந்து வாறவங்கள நீங்களே பாருங்க, தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிக்காங்க. டேங்கு எப்படி நிக்கும்?"

கைதட்டினார்கள். டிரைவர்கள் பக்கம் பலமாகவே தட்டினார்கள்.

குளித்தே எத்தனை நாளாகிறது என்று பன்னீருக்கே நினைவில்லை. அவனைப் பார்த்துத் தேய்த்துக் குளிக்கிறான் என்கிறான் ஸ்டோர்க்காரன். பாலகுரு சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான். பன்னீர் அதை உதறிவிட்டு எழுந்தான்.

"நாங்க வாரப்ப டேங்குல காத்துத்தேன் இருக்கு. காத்துலயா தேய்ச்சுக் குளிக்கிறோம்? தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னு தெரியணும்னா, எந்திரிச்சு ரூமுக்குப் பின்னாடி போயி அந்தக் கீரையப் பாருங்க. டெய்லி காலையில நேத்துப் பிடிச்ச தண்ணிய அதுக்குத்தேன் ஊத்துறிய. பாதி டேங்க் அங்கிட்டுப் போயிருது. பூட்டும் வேணாம், அளவும் வேணாம். கொட்டாம இருங்க, போதும்."

பாதிப் பேர் ரூம்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு டிரைவர் எழுந்தான்.

"ஒரு ராத்திரி பூரா கட்டிலுக்கு அடியில கெடந்த தண்ணிய நான் குடிக்கணுமா? அதுல மூஞ்சி கழுவிட்டு சாமி கும்பிடணுமா?"

"டேங்குல கெடக்குறதும் கெடந்த தண்ணிதான்டா. டேங்கர்காரன் அத எந்தக் கெணத்துல, என்னைக்குப் பிடிச்சான்னு ஒனக்குத் தெரியுமா? இன்னைக்கு இந்தப் பக்கெட்டுக்கு வந்ததால அது புதுசா ஆயிருமா?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் அது ஓட்டுப் போடுகிற சிரிப்பாக இல்லை என்பது பன்னீருக்குத் தெரிந்தது. சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அப்படியும், எல்லோர் வீட்டுக்குள்ளும் புகுந்து அடுப்படியைக் குறை சொல்லிவிட்டு வந்தவனைப் போல அவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

ஓட்டுக்குப் பேப்பர் இல்லை. கேம்ப்பைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கிடப்பது ஜல்லி. ஆளுக்கு ஒரு ஜல்லியை எடுத்துக்கொண்டு வந்து, பிடித்தவரின் பக்கெட்டில் போட வேண்டும். மூன்று வேட்பாளர்களும் பக்கெட்டுகளுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்றார் ஸ்ரீனிவாசன். யார் யாருக்குப் போட்டான் என்று அப்புறம் சண்டை வரக்கூடாதே.

பன்னீர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வருஷக்கணக்கில் கல் விழும் சத்தத்தோடு வாழ்ந்த காது. வெறும் பக்கெட்டில் ஜல்லி விழுந்தால் டொப்பென்று கேட்கும். ஜல்லி மேல் ஜல்லி விழுந்தால் கிளுக்கென்று கேட்கும். இடது பக்கம், ஜெயசீலனின் பக்கெட்டில், சீக்கிரமே கிளுக் கிளுக்கென்று ஆரம்பித்துவிட்டது. வலது பக்கம் பாயின் பக்கெட்டிலும் கொஞ்சம் கேட்டது. நடுவில் நெடுநேரம் டொப், டொப் என்றே கேட்டது. அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. எண்ணிப் பார்க்கிற வேலையே அவனுக்கு மிச்சமில்லை. ஒப்பந்தம் முடியும்வரை, இன்னும் ஒரு வருஷம், அந்தப் பெல்ட்டுக்கு அடியில்தான்.

எழுந்து திரும்பியபோது ஜெயசீலனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். பாலகுரு பன்னீரின் முகத்தைப் பார்க்காமல் பக்கெட்டைக் கவிழ்த்து ஜல்லியை வெளியே கொட்டினான்.

மறுநாள் விடியுமுன் பன்னீர் வழக்கம்போல கிரஷருக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்து, பழக்கதோஷத்தில் குழாயைத் திருகினான். தண்ணீர் கொட்டியது. கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பக்கத்துக் குழாயில் இன்னொரு கிரஷர்க்காரன் திருகினான், அதிலும் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டேங்க் நிழலில் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜெயசீலன் உட்கார்ந்திருந்தான். பன்னீர் துண்டோடு அவனிடம் போனான்.

"பூட்டுப் போட்டியா?"

"பூட்டு தொங்குது, அம்புட்டுதான். காலையில ஹாரன் கேட்டதும் குழாய்கிட்ட போயி நின்னுக்கிட்டேன். பக்கெட்டுல இருக்கதுக்கு மேலதான் ஊத்துவேன், கொட்டிட்டு வாறவனுக்கு இன்னைக்குத் தண்ணி கெடையாதுன்னுட்டேன். நாலு பேரு சத்தம் போட்டாங்க, அப்புறம் வாய மூடிக்கிட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் சரி."

"சரின்னு தெரிஞ்சா நேத்து ஏன் எங்க ஆளுகளக் குத்தம் சொன்ன?"

ஜெயசீலன் கழுத்துக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான். தப்பிக்கப் பார்க்கிறவன் மாதிரி தெரியவில்லை.

"வேற என்னத்த சொல்ல? நீங்க சொன்னத நான் சொல்லியிருந்தா நானும்லா தோத்திருப்பேன்."

பன்னீருக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, அவன் சொல்வது நியாயம் போலவும் இருந்தது. போய்க் குளித்தான். தலையில் ஊற்றிய முதல் கப் கால் வழியே வெள்ளையாக ஓடியது. அடுத்தது கொஞ்சம் தெளிந்தது. அதற்கடுத்தது தெளிவாகவே ஓடியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் தோல் அவன் கைக்குப் பட்டது. அது சந்தோஷம்தான், அதை மறைக்க முடியாது. பக்கத்துத் தடுப்பில் பாலகுரு பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தான்.

வெயில் இறங்கிய பிறகு மெஸ் சுவரோரம் நின்று வடிவுக்குப் போன் போட்டான். தேர்தல் கதை முழுதும் அவளுக்குத் தெரியும். தினம் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தவள்.

"என்னாச்சு? அந்த டேங்கு வேலை கெடச்சிருச்சா?"

ரூம்களுக்குப் பின்னால் ஒருநாள் வெயிலுக்கே பருப்புக்கீரை வாடத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தண்ணி கெடச்சிருச்சு வடிவு."

"அப்ப வேலை கெடைக்கலையா?" என்றாள் அவள். அவனுக்கு இருமல் வந்தது. போனைத் தூரத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான்.