நாலு போல்ட் வைத்த வலை

வீட்டு முகப்பில் வலை அடித்த அந்தச் சிட்டவுட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தங்கபாய்க்குச் சோறு தண்ணி வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சித்திரையில் முதல் மழை விழுந்ததும் ரப்பர் வண்டுகள் விளக்கைத் தேடிக் கூட்டமாக வந்து சோற்றுச்சட்டியிலும் கட்டிலிலும் விழும். போன வருஷம் அவள் கணவர் யோவான் பழைய ஒடுங்கின வராந்தாவை இடித்து, இரண்டு மடங்கு அகலத்தில் கட்டி, மூன்று பக்கமும் இரும்புச் சட்டத்தில் வலை அடித்துக் கொடுத்தார். வண்டுக்காக என்றார். அவளும் நம்பினாள்.

அதை ஒரு நாள்கூட அவள் சும்மா விடவில்லை. தையில் நல்லமிளகு காய வைத்தாள். பங்குனி வெக்கையில் வாசலுக்கு நேரே பாய் விரித்து மத்தியானம் உறங்கினாள். வண்டுக் காலத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, வெளியே முட்டிய வண்டுகளைப் பார்த்து நன்றாக வேணும் என்றாள். ஆனி, ஆடி மழையில் துணியும் ரப்பர் ஷீட்டும் அங்கேதான் தொங்கின. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் சிட்டவுட்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது அவள் எண்ணம்.

டிசம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் குடில் வைக்க அங்கே நிரந்தரமாக ஒரு தட்டு அடிக்க ஆசைப்பட்டாள். வலை அடித்த வெல்டர் ஜெபசீலனையே கூப்பிட்டாள். அவள் காட்டிய இடத்தைப் பார்த்ததும் அவன் டேப்பைச் சுருட்டிவிட்டான்.

"வாசலுக்கு நேரே வேண்டாம் அக்கா. அந்த வலைய அடைக்கப்பிடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரு."

"ஏன், அங்க பொதையலா கெடக்கு?"

"அது கழட்டுற வலையாக்கும். நாலு போல்ட்டுதான். பெட்டி வளையாம, சரியாம நேரா வெளிய போவணும்னு சொல்லித்தான் செய்ய வச்சாரு."

"என்ன பெட்டி?"

ஜெபசீலன் அவள் முகத்தைப் பார்த்தான். "அடக்கத்துக்குக் கொண்டுபோற பெட்டி. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். போன மாசம்கூட என்னக் கூப்பிட்டு, கழட்டி மாட்டச் சொல்லி, எத்தன நிமிஷம் ஆவுதுன்னு வாட்சுல பாத்தாரே."

 தங்கபாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெபசீலன் எப்போது போனான் என்று அவளுக்குத் தெரியாது. சவப்பெட்டி போகிற வழியிலா பாய் விரித்து உறங்கினோம் என்று முதலில் நினைத்தாள். அதற்கப்புறம்தான் பெரிய பயம் வந்தது. யோவானுக்கு ஏதோ சீக்கு. இரண்டு தடவை திருவனந்தபுரம் போனார். சட்டை தொளதொளக்கிறது. அலமாரியைக் குடைந்தாள். திருவனந்தபுரத்து மூக்குக்கண்ணாடிக் கடைச் சீட்டைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மனுஷன் நன்றாக ஒளித்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

யோவான் மத்தியானம் வந்தார். சபையில் யார் இறந்தாலும் பெட்டி எடுக்க முன்னால் நிற்கிறவர் அவர். முப்பது வருஷமாக அதில் பேரெடுத்தவர். அன்றும் ஒரு அடக்கத்தை முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ஒங்களுக்கு என்ன சீக்கு?" என்றாள். "ஜெபசீலன் எல்லாம் சொல்லிட்டான். மறைக்காதீங்க."

"எனக்கு ஒரு சீக்கும் இல்ல."

"அப்போ எனக்கா?"

"ஒனக்கும் இல்லட்டி." வலைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒனக்க அம்மைய எடுத்த நாளு ஓர்மை இருக்கா?"

எப்படி மறக்கும்? எட்டு வருஷம் முன்பு, இந்த வீட்டிலிருந்துதான் அம்மாவின் பெட்டியை எடுத்தார்கள். பழைய வராந்தாவில் படி வாசலுக்கு நேரே இல்லாமல் ஓரத்தில் இருந்தது. பெட்டியைத் திருப்ப இடமில்லாமல் சரித்தார்கள். தலைமாடு தூணில் இடித்தது. பெட்டிக்குள் அம்மாவின் தலை மோதிய சத்தம் அவளுக்குக் கேட்டது. தலைமாட்டில் ஒரு பக்கம் யோவான், மறுபக்கம் அவருடைய சித்தப்பா மகன் ஜெயசிங். இடித்தது ஜெயசிங்தான் என்று அன்றே எல்லார் முன்னாலும் ஏசினாள். அதற்குப்பிறகு அவனோடு பேச்சில்லை. மகன் ஆன்ஸ்லின் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடவுமில்லை. யோவானும் வற்புறுத்தவில்லை.

"அவன் இல்ல தங்கம்," என்றார் யோவான். "எனக்க கைதான் வழுக்கிச்சு. நீ அவனச் சொன்ன. நான் வாயத் தொறக்கல்ல."

அவள் வலைப்பக்கம் திரும்பி அந்த நாலு போல்ட்டையும் பார்த்தாள்.

"இத்தன பெட்டி எடுத்தவன், சொந்த மாமியார இடிச்சிட்டான்னு பேரு வரும்னு வெக்கமாப் போச்சு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டே போனேன். இனி இந்த வீட்டுல யாரு முந்திப் போனாலும் சரிக்கப்பிடாதுன்னு வலைய அப்படிச் செய்ய வச்சேன். மழையில போல்ட்டு துருப்பிடிச்சிருக்குமோன்னுதான் போன மாசம் கழட்டிப் பாத்தேன்."

"ஜெயசிங்குக்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாம இருக்குமா? பக்கத்துலதான பிடிச்சிருந்தான். எனக்க பேரு கெடப்பிடாதுன்னு, சொல்ல வேண்டாம்னு அவன்தான் சொன்னான்."

இரும்பை வெட்டி வழி உண்டாக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு வரி சொல்ல எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. தங்கபாய்க்குக் கோபம் மட்டும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொதுவழியில் ஜெயசிங்கைக் கண்டு முகத்தைத் திருப்பிய ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்து அவளை அடித்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, ரப்பர் பால் கேனோடு ஜெயசிங்கின் ஸ்கூட்டர் தோட்டத்திலிருந்து வரும் நேரத்துக்கு அவள் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். கையைக் காட்டினாள். வண்டி தாண்டிப்போய், சந்தேகத்தோடு நின்றது.

"ஜெயசிங்கு, ஏறி வந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போ."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். தலை முழுக்க நரைத்திருந்தது. தினமும் வாசல் வழியாகப் போகிறவனின் நரையை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவன் அவளைத் தாண்டி, வலைக்குப் பின்னால் நின்ற யோவானைப் பார்த்தான்.

"அண்ணன் சொல்லிட்டாரா மைனி?" என்று மெதுவாகக் கேட்டான்.